மூட்டையா, கடிதமா? ஷெல் ஸ்கிரிப்ட் வைத்து ஃபைல்களைக் கட்டி அனுப்புவது பற்றி

"எல்லா ஃபைலையும் ஒரு ஸ்கிரிப்ட் போட்டுக் கட்டி அனுப்பிடு" என்று யாராவது சொன்னால், சொல்கிறவர் மனதில் ஒன்று இருக்கும், கேட்கிறவர் வேறொன்றைச் செய்துவிட்டு வந்து நிற்பார். ஏனென்றால் இந்தப் பேச்சுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. கட்டும் வேலையைச் செய்து கொடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று. அது உங்கள் கணினியிலேயே தங்கிவிடும், மூட்டை மட்டும் நண்பருக்குப் போகும். இன்னொன்றில் ஸ்கிரிப்டேதான் மூட்டை. ஃபைல்களெல்லாம் அதன் வயிற்றுக்குள் இருக்கும், அது நண்பரிடம் போய், அங்கே ஓடி, தன்னைத்தானே அவிழ்த்துக்கொள்ளும்.

இதற்கு நடுவே "ஜிப் பண்ணு" என்ற சொல்லும் புகுந்துவிட்டதால், கட்டுவது, சுருக்குவது, ஓட்டுவது எல்லாமே ஒரே வேலை என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

## கட்டுவது: டிபன் கேரியர்

சாதம், குழம்பு, பொரியல் என்று நாலு கிண்ணம் இருக்கிறது. தனித்தனியாகக் கையில் தூக்கிக்கொண்டு போக முடியாது. அடுக்கி, ஒரு கம்பி மாட்டி, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் அது கேரியர். கவனியுங்கள், இதில் சாப்பாடு கொஞ்சம்கூடக் குறையவில்லை. கேரியரின் எடையும் சேர்ந்து மொத்தம் கூடத்தான் செய்திருக்கிறது.

பல ஃபைல்களை ஒரே ஃபைலாக அடுக்கி வைப்பதற்கு ஆர்க்கைவ் என்று பெயர். யூனிக்ஸ், லினக்ஸ் என்ற இயங்குதளங்களின் உலகில் இதற்கான பழைய கருவி டார். டேப் ஆர்க்கைவ் என்பதன் சுருக்கம் அது. 1979-ல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், காந்த நாடாவில் ஃபைல்களை வரிசையாக எழுதிவைப்பதற்காக வந்தது. நாடா போய்விட்டது, டார் போகவில்லை.

அது செய்வது மிக எளிது. ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னால் 512 பைட்டில் ஒரு சீட்டு எழுதி ஒட்டுகிறது: பெயர் என்ன, எவ்வளவு நீளம், எப்போது திருத்தியது, யார் யாருக்கு என்ன அனுமதி. (அனுமதி என்றால் அந்த ஃபைலை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் ஓட்டலாம் என்ற குறிப்பு.) சீட்டுக்குப் பின்னால் ஃபைலின் உள்ளடக்கம், அதுவும் 512-ன் மடங்காக வரும்படி கடைசியில் வெற்றிடத்தால் நிரப்பி. அப்புறம் அடுத்த சீட்டு, அடுத்த ஃபைல்.

முழு மூட்டையையும் இதேபோல் 10,240-ன் மடங்காக நிரப்பிவிடுவதால், பத்தே பைட் உள்ள ஒரு ஃபைலை லினக்ஸில் சாதாரணமாக டார் செய்து பார்த்தால் மூட்டை 10,240 பைட் வந்து நிற்கும். "டார் பண்ணினால் சின்னதாகும் என்றார்களே" என்று முதல் முறை பார்க்கிறவர்கள் திகைப்பது இதனால்தான். யாரும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

## சுருக்குவது: பஞ்சுப் பொதி

சுருக்குவது என்பது பஞ்சை எந்திரத்தில் வைத்து அமுக்கிப் பொதியாக்குவது போல. பஞ்சு அதேதான், நடுவில் இருந்த காற்றுதான் போயிருக்கிறது. ஃபைலில் காற்று எது? திரும்பத் திரும்ப வருவது. ஜான்லூப் கையியும் மார்க் ஆட்லரும் 1992-ல் எழுதிய ஜீஜிப் போன்ற கருவி ஃபைலைப் படித்துக்கொண்டே போகும்போது, முன்னால் பார்த்த அதே எழுத்துத் தொடர் மறுபடி வந்தால் அதை முழுதாக எழுதாமல், "200 எழுத்துக்கு முன்னால் வந்ததே, அந்த 30 எழுத்தை இங்கேயும் போட்டுக்கொள்" என்று மட்டும் குறித்துவிட்டுப் போகிறது. விரிக்கும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து அப்படியே பழையபடி எழுதிவிடும், ஒரு எழுத்துகூடக் குறையாது.

தமிழ் உரை இதில் நன்றாகவே அமுங்கும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது, அதில் முதல் பைட் எப்போதுமே ஒன்றுதான், இரண்டாவது பைட்டும் இரண்டில் ஒன்றுதான். ஏகப்பட்ட காற்று. மாறாக ஜேபெக் புகைப்படங்கள் பிறக்கும்போதே அமுக்கப்பட்டவை. கல்யாண ஆல்பத்தை ஜிப் செய்துவிட்டு ஏன் சைஸ் குறையவில்லை என்று கேட்பதில் பயனில்லை.

ஜிப் என்பது 1989-ல் ஃபில் காட்ஸ் கொண்டுவந்த வடிவம். அது ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியே அமுக்கி, பிறகு ஒன்றாகக் கட்டுகிறது. இரண்டு வேலையையும் ஒரே கருவி செய்ததால்தான் நமக்கு இரண்டும் ஒன்று என்று பழகிவிட்டது. லினக்ஸ்காரர்கள் முதலில் டாரால் கட்டி, அந்த முழு மூட்டையையும் ஜீஜிப்பால் அமுக்குவார்கள்.

சரி, இதுவரை: டார் கட்டும், சுருக்காது. ஜீஜிப் சுருக்கும், கட்டாது. ஜிப் இரண்டையும் செய்யும். இவற்றில் எதுவும் எதிர்முனையில் தானாக ஓடாது. வெறும் பெட்டி, பெட்டியைத் திறப்பதற்கு நண்பரிடம் வேறொரு கருவி இருக்க வேண்டும்.

## முதல் வகை: கட்டிக் கொடுக்கும் ஸ்கிரிப்ட்

நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி, கணினியைக்கொண்டு செய்விக்கும் புரோகிராமுக்கு ஷெல் என்று பெயர். கறுப்புத் திரையில் கண் சிமிட்டிக்கொண்டு காத்திருப்பது அதுதான். தட்ட வேண்டிய கட்டளைகளை முன்கூட்டியே ஒரு ஃபைலில் வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டால் அது ஷெல் ஸ்கிரிப்ட். ஷெல்லை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஒரு கடைப் பையன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுறுசுறுப்பு உண்டு, ஆனால் "அண்ணே, இது சரியா?" என்று ஒருநாளும் கேட்க மாட்டான்.

முதல் வகையில் அவனுக்குக் கொடுக்கும் சீட்டு இவ்வளவுதான்: இந்த ஃபோல்டரை எடு, இன்றைய தேதியில் பெயர் வை, டாரால் கட்டு, ஜீஜிப்பால் அமுக்கு. மூன்று நாலு வரியில் முடிந்துவிடும்.

இந்த மூன்று நாலு வரியிலேயே நான் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். ஒரு கட்டுரைத் தொகுப்பு, அமுக்கினால் 4 எம்பி வரும். தினமும் இரவில் கட்டிவைக்க ஸ்கிரிப்ட் எழுதினேன், கட்டிய மூட்டையை வசதிக்காக அதே ஃபோல்டருக்குள்ளேயே வைக்கச் சொல்லியிருந்தேன். இரண்டாம் நாள் பையன் அந்த ஃபோல்டரைக் கட்டும்போது முதல் நாள் மூட்டையையும் சேர்த்துக் கட்டினான்: 8 எம்பி. மூன்றாம் நாள் முந்தைய இரண்டு மூட்டையும் உள்ளே: 16. எட்டாம் நாள் 512 எம்பி. டிஸ்க் நிறைந்துவிட்டது என்று கணினி கத்திய பிறகுதான் எட்டிப் பார்த்தேன். மூட்டையை எப்போதும் ஃபோல்டருக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

## இரண்டாம் வகை: மூட்டையே கடிதம்

இனி வருவதுதான் பலருக்கும் புதிது. ஷெல் ஆர்க்கைவ், சுருக்கமாக ஷார்.

இப்படி யோசித்துப் பாருங்கள். ஊரில் இருக்கும் நண்பருக்கு மூன்று நோட்டுப் புத்தகம் அனுப்ப வேண்டும். ஆனால் தபாலில் கடிதம் மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள், பார்சல் கிடையாது. அப்போது என்ன செய்வோம்? நண்பர் வீட்டிலும் அதே மாதிரி ஒரு கடைப் பையன் இருக்கிறான் அல்லவா, அவனுக்கு ஒரு நீளமான கடிதம் எழுதலாம். "ஒரு புது நோட்டு எடு. அட்டையில் 'கணக்கு' என்று எழுது. இதற்குக் கீழே 'முற்றிற்று' என்ற வரி வரும்வரை உள்ளதையெல்லாம் அந்த நோட்டில் அப்படியே எழுது. முடிந்ததா? இன்னொரு நோட்டு எடு..." பழைய அச்சுப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் முற்றிற்று என்று போடுவார்களே, அதே வேலைதான் இங்கேயும்.

ஷார் ஃபைல் என்பது இந்தக் கடிதம்தான். ஷெல்லில் இப்படி எழுதும் வசதிக்கு ஹியர் டாக்குமென்ட் என்று பெயர், அதாவது "தர வேண்டிய உரை இங்கேயே கீழே இருக்கிறது, வேறெங்கும் போய்த் தேடாதே" என்பது. கிட்டத்தட்ட இப்படி இருக்கும் (படிக்க எளிதாகக் கட்டளையைத் தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்துதான்):

கேட் > கணக்கு << 'முற்றிற்று'
அரிசி 2 கிலோ
விலை $50
முற்றிற்று

கேட் என்பது வாங்கியதை அப்படியே கக்கும் ஒரு சின்னக் கட்டளை. ஒற்றை அம்பு, கக்கியதைக் 'கணக்கு' என்ற ஃபைலில் கொட்டுகிறது. இரட்டை அம்பு, முற்றிற்று வரும்வரை கீழே உள்ளதை எடுத்து கேட்டிடம் கொடுக்கிறது. நூறு ஃபைல் இருந்தால் இதே மாதிரி நூறு துண்டு, ஒன்றன் கீழ் ஒன்று. அவ்வளவுதான் ஷார். நண்பர் இதை ஷெல்லிடம் கொடுத்து ஓட்டினால் நூறு ஃபைலும் அங்கே முளைத்துவிடும். அவிழ்க்க ஷெல்லையும் அதோடு எப்போதும் கூட வரும் சில்லறைக் கட்டளைகளையும் தவிர அவரிடம் ஒன்றும் வேண்டாம்.

முற்றிற்று என்பதைச் சுற்றி மேற்கோள் குறி போட்டிருக்கிறேன் பாருங்கள், அதை விட்டுவிட்டால் வம்பு. ஷெல்லுக்கு டாலர் குறி என்றால் "இந்தப் பெயரில் உள்ள மதிப்பை இங்கே போடு" என்று அர்த்தம். மேற்கோள் இல்லாவிட்டால் $50 என்பதில் உள்ள $5-ஐ அது ஒரு பெயராக எடுத்துக்கொண்டு, அதற்கு மதிப்பு ஒன்றும் இல்லாததால் வெறுமையாக்கிவிட்டு, மிச்சம் இருக்கும் 0-ஐ மட்டும் எழுதும். நண்பர் கைக்கு "விலை 0" என்று போய்ச் சேரும். பிழைச் செய்தி எதுவும் வராது. மேற்கோள் போட்டால் "உள்ளே இருப்பதை ஆராயாதே, அப்படியே எழுது" என்று பொருள்.

## ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஏன் எக்ஸ்?

இப்போது ஒரு குறும்புக் கேள்வி. அனுப்பும் ஃபைலுக்குள்ளேயே தனி வரியாக 'முற்றிற்று' என்று இருந்துவிட்டால்? பையன் அங்கேயே நிறுத்திவிடுவான். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் தனக்கு இட்ட கட்டளை என்று எண்ணி ஒவ்வொன்றாகச் செய்யப் பார்ப்பான்.

இதற்கு ஷார் எழுதியவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும். கட்டும்போது ஒவ்வொரு வரியின் தலையிலும் எக்ஸ் என்ற எழுத்தை ஒட்டிவிடுவார்கள். உள்ளே இருக்கும் முற்றிற்று இப்போது 'எக்ஸ்முற்றிற்று' ஆகிவிட்டது, உண்மையான முற்றிற்றுக்கு மட்டும் எக்ஸ் இல்லை. அவிழ்க்கும்போது கேட்டுக்குப் பதிலாக செட் என்ற கட்டளையை வைத்து, வரித் தலையில் உள்ள ஒரே ஒரு எக்ஸை மட்டும் கிள்ளி எடுத்துவிடுவார்கள்.

இதே எக்ஸ் இன்னொரு நோய்க்கும் மருந்தாயிற்று. அந்தக் கால மின்னஞ்சல் அமைப்புகள் எல்லாக் கடிதங்களையும் ஒரே ஃபைலில் அடுத்தடுத்து வைக்கும், ஃப்ரம் என்று ஒரு வரி தொடங்கினால் அது புதுக் கடிதத்தின் ஆரம்பம். அதனால் உங்கள் உரைக்குள் ஒரு வரி ஃப்ரம் என்று தொடங்கினால், குழப்பம் வராமல் இருக்க அதன் முன்னால் ஒரு அம்புக்குறியை ஒட்டிவிடும். கடிதத்தில் இது பரவாயில்லை. புரோகிராமில் ஒரு எழுத்து கூடினாலும் ஓடாது. எக்ஸ் தலையில் இருந்தால் அந்த வரி ஃப்ரம் என்று தொடங்கவே தொடங்காது.

மின்னஞ்சல் ஏன் இதில் வருகிறது என்றால், ஷார் வாழ்ந்ததே அங்கேதான். டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் 1979-ல் யோசித்து, 1980-ல் ஓடத் தொடங்கிய யூஸ்நெட் என்ற செய்திப் பரிமாற்ற வலையில் உரை மட்டும்தான் போகும். மூலநிரல்களைப் பகிர வேண்டுமென்றால் அவையும் உரையாகத்தான் போக வேண்டும், நீளமாக இருந்தால் துண்டு துண்டாக. லாரி வால் எழுதிய பெர்ல் என்ற நிரல் மொழியின் முதல் பதிப்பு 10 துண்டுகளாக இப்படித்தான் போனது. புது ஃபோல்டர் ஒன்று உண்டாக்கு, அதற்குள் போ, 10 துண்டையும் ஷெல்லில் ஓட்டு என்பதுதான் அதோடு வந்த குறிப்பு.

வழியில் எழுத்து சிதைந்ததா என்று பார்க்க, நல்ல ஷார் ஒன்று ஒவ்வொரு ஃபைலையும் அவிழ்த்த பின் அதில் எத்தனை எழுத்து என்று எண்ணி, கட்டும்போது குறித்துவைத்த எண்ணிக்கையோடு ஒத்துப் பார்க்கும்.

சுருக்கமாக: ஷார் என்பது பெட்டி அல்ல, ஃபைல்களை மறுபடி எழுதிக்கொள்ளச் சொல்லும் கட்டளைக் கடிதம். உரைதான் என்பதால் எந்த வழியாகவும் போகும்.

## படமும் பாட்டும் கடிதத்தில் போகுமா?

நேரடியாகப் போகாது. உரையல்லாத ஃபைலில் அச்சிட முடியாத பைட்கள் இருக்கும், அவற்றை அச்சிடக்கூடிய எழுத்துகளாக மாற்ற வேண்டும். யூயூஎன்கோட் என்ற பழைய முறையும் இன்றைய பேஸ்64 முறையும் செய்வது இதைத்தான்: மூன்று பைட்டை எடுத்து நாலு எழுத்தாக எழுதுகிறது. 3 எம்பி படம் 4 எம்பிக்கு மேல் ஆகிவிடும்.

இன்று உரை மட்டும்தான் போகும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. அதனால் ஷாரின் பேரப்பிள்ளைகள் வேறு மாதிரி இருக்கிறார்கள்: மேலே சில நூறு வரி ஸ்கிரிப்ட், "இதோடு நிறுத்து" என்று ஒரு கட்டளை, அதற்குக் கீழே அமுக்கிய டார் மூட்டை அப்படியே பச்சையாக ஒட்டப்பட்டிருக்கும். ஷெல் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வருவதால் 'நிறுத்து' வந்ததும் நின்றுவிடும், கீழே உள்ள மூட்டையைக் கட்டளையாகப் படிக்காது. நிற்பதற்கு முன்பே, "இந்த ஃபைலின் இத்தனையாவது இடத்திலிருந்து கடைசி வரை வெட்டி எடுத்து டாரிடம் கொடு" என்ற வேலை முடிந்திருக்கும். தன் வாலைத் தானே வெட்டிக் கொடுக்கிற மாதிரி. இப்படிக் கட்டித்தர மேக்செல்ஃப் என்ற கருவி இருக்கிறது. என்விடியா நிறுவனம் லினக்ஸுக்குத் தரும் டிரைவர் ஃபைல் இந்த வகைதான்.

## படிக்காமல் ஓட்டாதீர்கள்

ஜிப்பைத் திறப்பதற்கும் ஷாரை ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இப்போது தெரிந்திருக்கும். ஜிப்பைத் திறக்கும்போது வேலை செய்வது உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் கருவி. ஷாரை ஓட்டும்போது வேலை செய்வது அனுப்பியவர் எழுதிய கட்டளைகள், உங்கள் பெயரில், உங்களுக்கு உள்ள எல்லா அனுமதியோடும். கடிதத்தின் 700-வது வரியில் "வீட்டில் உள்ள நோட்டையெல்லாம் கிழித்துப் போடு" என்று இருந்தாலும் பையன் கிழித்துவிடுவான். அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

உரையாக இருக்கும் பழைய ஷாரைத் திறந்து படித்துப் பார்க்கலாம். பச்சை மூட்டை ஒட்டியதில் மேல்பாதியை மட்டும் படிக்க முடியும். "ஓட்டாமலே உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் காட்டும்" என்று சில மூட்டைகள் வசதி தருகின்றன, ஆனால் அந்தப் பட்டியலைக் காட்டுவதே அந்த ஸ்கிரிப்ட்தான், அதாவது ஏற்கெனவே ஓட்டியாகிவிட்டது. இதை யோசிக்காமல் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள்.

செக்சம் என்று ஒன்றைக் கூடவே கொடுப்பார்கள். ஃபைல் முழுவதையும் ஒரு கணக்கில் போட்டு எடுத்த கைரேகை அது; ஷா-256 என்ற முறையில் 64 இலக்கம் வரும், ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் ரேகை வேறாகிவிடும். இறக்கியது வழியில் கெடவில்லை என்று அறிய நல்லது. ஆனால் அனுப்பியவர் நல்லவர் என்பதற்கு அது சான்று இல்லை, ஃபைலும் செக்சமும் ஒரே இடத்தில் வைக்கப்பட்டிருந்தால் ஒன்றை மாற்றுகிறவன் மற்றதையும் மாற்றிவிட்டுப் போகலாம்.

வெறும் ஃபைல்களைப் பகிர்வதற்கு ஸ்கிரிப்ட் மூட்டை வேண்டாம் என்பது என் கருத்து. டார், ஜிப் போதும். கட்டும் வேலையை வேண்டுமானால் ஸ்கிரிப்டுக்கு விடுங்கள். அவிழ்த்த பிறகு எதிர்முனையில் ஏதாவது செய்தே ஆக வேண்டும், ஒரு புரோகிராமை நிறுவ வேண்டும் என்கிறபோது மட்டும் மூட்டையையே ஸ்கிரிப்டாக்கலாம், அதையும் தெரிந்தவர்களுக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

## வழக்கமாகக் காலை வாரும் இடங்கள்

ஸ்கிரிப்டை விண்டோஸில் திருத்தி லினக்ஸில் ஓட்டினால், ஃபைல் கண்ணெதிரே இருக்கும்போதே "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று சொல்லும். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைக் கூடுதலாக வைக்கிறது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் எந்த ஷெல் வேண்டும் என்று எழுதியிருப்போம், அந்தப் பெயரோடு இந்தக் குறியும் ஒட்டிக்கொள்ள, லினக்ஸ், இல்லாத ஒரு ஷெல்லைத் தேடிவிட்டுக் கையை விரிக்கிறது. எடிட்டரில் வரி முடிவை லினக்ஸ் முறைக்கு மாற்றிச் சேமித்தால் சரியாகிவிடும்.

பெயரில் இடைவெளி இருந்தால் அதை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் 'புது கணக்கு' என்ற ஒரு ஃபைலைப் 'புது', 'கணக்கு' என்று இரண்டாக எண்ணிப் பையன் தேட ஆரம்பிப்பான்.

தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கென்றே இரண்டு சங்கதி இருக்கிறது. லினக்ஸின் வழக்கமான ஃபைல் அமைப்பில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. நம் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், 'தமிழ்' என்ற சொல்லே (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி) 15 பைட். கட்டுரைத் தலைப்பை அப்படியே ஃபைல் பெயராக வைக்கிறவர்கள் 85 குறியில் முட்டிக்கொள்வார்கள்.

இன்னொன்று கொஞ்சம் வினோதமானது. 'கொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு ஒன்று 6 பைட், மற்றது 9 பைட். மேக் கணினிகளின் பழைய ஃபைல் அமைப்பு பிரித்துத்தான் வைக்கும். அங்கே கட்டிய மூட்டையை லினக்ஸில் அவிழ்த்தால், ஏற்கெனவே இருந்த 'கொடுக்கல்' ஃபைலை அது மாற்றாமல், பக்கத்திலேயே இன்னொரு 'கொடுக்கல்' வந்து உட்காரும். எது பழசு, எது புதுசு என்று பெயரைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அதனால் நான் இப்போதெல்லாம் மூட்டைக்குள் போகும் ஃபைல்களுக்கு வெறும் எண்ணைப் பெயராக வைத்துவிட்டு, எந்த எண் எந்தக் கட்டுரை என்று தமிழில் ஒரு பட்டியல் எழுதி, அதை 00 என்ற பெயரில் முதல் ஃபைலாகச் சேர்த்துவிடுகிறேன்.